மோட்டாரை நிறுத்திய இரண்டு நாள்

அக்கா,

இன்று காலை ஆய்வுக்கூடத்தில் கேபிள் சுருளைப் பிரித்தேன். உள்மடிப்பில் காய்ந்து ஒட்டியிருந்த செம்மண் மேசைமேல் உதிர்ந்தது. கெலமங்கலத்தில் உங்கள் தக்காளித் தோட்டத்து மண். துடைக்க மனம் வரவில்லை.

பூமிக்குள் தானாக ஓடும் மெல்லிய மின்சாரத்தை அளந்து, நம் காலடியில் உள்ள பழம்பாறை எத்தனை ஆழம் போகிறது என்று கணக்கிடுவது என் வேலை. ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலைகளும் மின்கம்பிகளும் அந்த அளவைக் குழப்பிவிட்டன. அதனால்தான் உங்கள் நிலத்துக்கு வந்தோம். அங்கும் முதல் நாள் பதிவு கெட்டுப்போனது. காரணம் உங்கள் கிணற்று மோட்டார். தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

"அவ்ளோதானே கண்ணு? நிறுத்திட்டா போச்சு" என்றீர்கள்.

இரண்டு நாள் கழித்துக் கருவிகளைத் தோண்டி எடுக்க வந்தபோது, நீங்கள் குடத்தில் தண்ணீர் சுமந்து நாற்றுக்கு நாற்று ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். நட்டுச் சில நாள்கூட ஆகாத நாற்று. பாதி வரிசை துவண்டு கிடந்தது.

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா மோட்டாரப் போடச் சொல்லியிருப்பே. போனது போவட்டும். இந்தக் கல்லு எவ்ளோ ஆழம் போவுதுன்னு மட்டும் எனக்குச் சொல்லிடு."

சொல்வதாக வாக்குக் கொடுத்தேன்.

உங்கள் நிலத்துப் பதிவு அத்தனை சுத்தமாக வந்திருந்தது. சில வாரங்களிலேயே தோராயமான விடை என் கணினியில் தெரிந்துவிட்டது. நீங்கள் இரண்டு முறை போன் செய்தீர்கள்.

"இன்னும் கணக்கு முடியலக்கா. தப்பாச் சொல்லிடக் கூடாது."

"சரியா வேணாம் கண்ணு. உத்தேசமாச் சொல்லு, போதும்."

நேரில் வந்து சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அதன்பின் மாதங்கள் ஓடின.

நான் வந்தபோது உங்கள் மகன் ஷிப்டு முடிந்து, கம்பெனிச் சட்டையோடு வாசலில் நின்றிருந்தார்.

"அம்மா போயி இருபது நாள் ஆவுது மேடம். நெஞ்சு வலின்னாங்க. ஓசூர் போறதுக்குள்ள..." என்று நிறுத்தினார். பிறகு அவரே கேட்டார். "அந்தக் கல்லு எவ்ளோன்னு கேட்டுட்டே இருந்தாங்களே, தெரிஞ்சுதா?"

"இங்கிருந்து கிருஷ்ணகிரிக்கு பஸ்ல போற தூரம் இருக்குதில்ல? அத்தனையும் நேரா கீழ."

அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரிஞ்சிருந்தா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கும் எங்கம்மா" என்றவர், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போது கல்லாவிப் பக்கம் அளக்கிறோம். முதல் விடை தெரிந்த அன்றைக்கே, உத்தேசம்தான் என்று சொல்லி, நிலத்துக்காரருக்குப் போன் செய்துவிடுகிறேன். "அவ்ளோவா!" என்று அவர்கள் வியக்கும்போது, போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொள்கிறேன், அக்கா.