அட்டைக்கு நீட்டிய கை

1978 ஜூன் 12

வெங்கிடேஸ்வரன் சார் என்னை ஆராய்ச்சிக்குச் சேர்க்கவில்லை, என் ரத்தத்துக்குச் சேர்த்திருக்கிறார். வயிறு நிறைந்தால்தான் அட்டை கூடு கட்டி முட்டையிடும். கரு கிடைத்தால்தான் பாலக்காட்டில் எங்கள் ஆய்வகம் நடக்கும். யார் கையை நீட்டுவது?

"நோக்கு இதொண்ணும் புதுசில்லையோன்னோடா? தேயிலை எஸ்டேட்டிலே அட்டையோட வளர்ந்தவனாச்சே" என்றார். ஆய்வகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஜூன் 20

வலது கை. அரிப்பு. எழுத முடியவில்லை.

ஜூலை 9

கரு கிடைத்துவிட்டது. அதிலிருந்து ஒரு நரம்பு முடிச்சைச் சார் வெட்டி எடுக்கிறார். வளர்ந்தபின் பக்கத்து முடிச்சின் உயிரணு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். நான் கேட்ட கேள்வி அது! "கரு வரட்டும், நீயே பாரு" என்றவர் இன்று, "ஒன் கை நடுங்கறதேடா" என்கிறார்.

நடுங்காதா? எதனால் நடுங்குகிறது?

ஆகஸ்ட் 3

சார் சாப்பிடப் போனதும் நுண்ணோக்கியில் கண் வைத்தேன். பார்த்துவிட்டேன். தொடுதலை உணரும் அந்த உயிரணு, பக்கத்தில் தன் இனத்து உயிரணு இருந்தால் தோலில் தன் பங்கோடு நின்றுவிடும். இப்போது பக்கத்தில் ஆளில்லை. எல்லை தாண்டிக் கிளை விட்டு, காலித் தோலையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. எவ்வளவு தூரம் வளர்வது என்பது அதன் கையில் மட்டும் இல்லை.

"யார்றா ஒன்னைத் தொடச் சொன்னா?" — பின்னால் சார்.

செப்டம்பர் 12

ஓண லீவு. ஊருக்கு, சின்னக்கானலுக்கு வந்தேன். தேயிலைக் கொழுந்தெடுத்துவிட்டு எங்கள் லயத்து வீட்டுக்கு வந்த அம்மா, அட்டை ஏறாமலிருக்கக் காலில் புகையிலை தேய்த்த கையாலேயே என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏலே, படிக்கப் போன எடத்துலயும் அட்டைக்குத்தானா?"

சட்டைக் கையை இறக்கிவிட்டேன். புறப்படும்போது ஒரு துண்டுப் புகையிலை கட்டிக் கொடுத்தாள்.

செப்டம்பர் 19

காலையில் அந்தப் புகையிலையைக் கையில் தேய்த்துக்கொண்டுதான் போனேன். அட்டை என் கையில் வாய் வைக்கவில்லை, சுருண்டு விழுந்தது. சார் மூக்கைச் சுளித்தார். "போறது, விடு. ஒன் அம்மாவை வரச் சொல்லேன், அவ கைக்கும் அட்டை பழக்கம்தானே. நாலு நாள் இருந்துட்டுப் போகட்டும்."

அம்மாவை!

செப்டம்பர் 20

அட்டை ஜாடியைத் தூக்கிப் போய் அவர் மேசைமேல் வைத்தேன். அவர் பக்கத்திலேயே நின்றேன். இதுவரை யாரும் அங்கே நின்றதில்லை.

"இந்தத் தடவை ஒங்க கையை நீட்டுங்க, சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாரும் சிரிக்கவில்லை. சாப்பாட்டு பெல் அடித்தது. சட்டைக் கையின் பொத்தானை அவர் தொடக்கூட இல்லை. நான் நகரவில்லை.

"கை, சார்."