மேலே பார்க்காதவர்

அனுப்புநர்
நோரீன் பெட்ரோச்சி (வயது 62),
கடைசி வீடு, கெட்டில் க்ரீக் மேட்டுச் சாலை,
ஆல்டர்ஃபோர்டு அஞ்சல், வடக்குக் கலிபோர்னியா.

பெறுநர்
உயர்திரு தலைவர் அவர்கள்,
மாவட்ட நிர்வாகக் குழு,
ஆல்டர்ஃபோர்டு.

பொருள்: கஞ்சா சாகுபடி – ‘முன்னோடி விவசாயி’ அங்கீகாரம் மறுக்கப்பட்டது – ஓய்வு பெற்ற துணை ஷெரிஃப் திரு. வார்ட் ஆம்ப்ரோஸ் எழுதிய ஒரே கடிதத்தை இரண்டு அலுவலகங்கள் இரண்டு விதமாகக் கொண்டது – முடிவு வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை:
1. எனது விண்ணப்பம், நாள் 3.4.2018
2. ஷெரிஃப் அலுவலகக் கள அறிக்கை, நாள் 14.9.1994
3. திரு. ஆம்ப்ரோஸ் கடிதம், நாள் 11.7.2023
4. திட்ட அலுவலக மறுப்பாணை, நாள் 28.8.2023
5. ஷெரிஃப் அலுவலகக் குறிப்பாணை, நாள் 12.9.2023

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்கண்ட முகவரியில் நானும் என் கணவர் டேலும் 1988 முதல் வசித்து வருகிறோம். பன்னிரண்டு ஏக்கர் மலைச்சரிவு. அந்த ஆண்டு முதல் இன்றுவரை ஆண்டுக்கு நாற்பது செடிக்கு மிகாமல் கஞ்சா பயிரிட்டோம். அதை விற்றுத்தான் சாப்பிட்டோம், ஃபெர்ன் என்ற ஒரே மகளை வளர்த்து ஆளாக்கினோம். இதில் இருபத்தெட்டு ஆண்டுகள் அது சட்டப்படி குற்றம். தெரிந்தேதான் செய்தோம். அரசாங்கத்துக்கு நான் எழுதும் முதல் நீண்ட கடிதம் இது. முறை தவறியிருந்தால் பொறுத்தருள வேண்டும். என் கணவர் இதில் கையெழுத்திட மறுத்துவிட்டார். “எதுலயும் கையெழுத்துப் போடாததாலதான் நான் இத்தன வருஷம் வெளில இருக்கேன்” என்பது அவர் கட்சி.

2. 2016இல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் வாக்கெடுப்பு வந்தபோது எங்கள் வீட்டில் இரண்டு வாக்கும் இரண்டு பக்கம் விழுந்தன. என் கணவர் வேண்டாம் என்று போட்டார். “திருட்டுத்தனமா இருக்கிறவரைக்கும்தான் இது நம்ம கையில. சட்டம் வந்துச்சுன்னா பெரிய முதலாளி பின்னாடியே வருவான், பாத்துக்கோ” என்றார். நான் வேண்டும் என்று போட்டேன். போலீஸ் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் செடியை மறைக்க ஓடுகிற வாழ்க்கை எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பிறகு பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கள் அலுவலர்கள் கூட்டம் போட்டு, “நீங்கதாங்க முன்னோடிங்க. வெளியூர்க் கம்பெனிக்கெல்லாம் அப்புறம்தான், மொதல்ல உங்களுக்குத்தான்” என்று சொன்னார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. இதை மறைக்க விரும்பவில்லை.

3. 2015ஆம் ஆண்டு முடிவதற்குள் பயிரிட்டு வந்தவர் என்று ஆவணத்தால் நிரூபிப்பவருக்கே முன்னோடி அங்கீகாரமும் பயிரிடும் உரிமமும் என்பது விதி. ஏற்கப்படும் ஆவணங்கள்: கைது அல்லது வழக்குப் பதிவு, வானிலிருந்து எடுத்த படம், உரம் மண் வாங்கிய ரசீது, தேதியுள்ள புகைப்படம். இவற்றில் ஒன்றும் எங்களிடம் இல்லை. ஒன்றும் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான், ஐயா, எங்கள் தொழிலில் பாதி. மண் மூட்டையை மூன்று ஊர்களில் பிரித்து வாங்குவோம். ரசீதை அன்றைக்கே அடுப்பில் போடுவோம். வானிலிருந்து எடுத்த படத்தில் எங்கள் நிலம் முழுக்க மரம் மட்டுமே தெரிகிறது. அப்படித் தெரியத்தானே பாடுபட்டோம்.

4. விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் திட்ட அலுவலகத்தில் இருந்த பெண் பொறுமையானவர். அவர் மீது எனக்குப் புகார் இல்லை. “மேடம், ஃபேமிலி போட்டோ எதுலயாவது பின்னாடி செடி தெரியுதான்னு பாருங்க, அது போதும்” என்று யோசனை சொன்னார். வீட்டுக்கு வந்து பெட்டியைக் கொட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் கேமராவை மலைப்பக்கம் திருப்பவே கூடாது என்பது சட்டம். ஃபெர்னின் முதல் பிறந்தநாள் முதல் பதினெட்டாம் பிறந்தநாள் வரை எல்லாப் படத்திலும் பின்னால் இருப்பது ஒரே சமையலறைச் சுவர்தான். அந்தப் படங்களைக் கொண்டுபோய் நீட்டினேன். அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “பாப்பா அழகா இருக்கா மேடம்” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

5. எங்களுக்குக் கீழ்வீட்டுக்காரர் திரு. கர்டிஸ் லாம்ப்ளி. எங்களைப் போலவே பயிரிட்டவர், எங்களை விடக் கவனக்குறைவானவர். இரண்டு முறை பிடிபட்டார், பதினாலு மாதம் உள்ளே இருந்தார். அந்தக் கைதுப் பத்திரத்தைக் காட்டி முதல் ஆண்டிலேயே அங்கீகாரம் வாங்கிவிட்டார். வாழ்த்துக் கடிதமும் வந்தது. “ஒரு தடவையாச்சும் மாட்டியிருக்கலாம்ல நோரீன்? ரொம்பச் சமத்தா இருந்து கெட்டீங்க” என்று கேலி செய்தார். அவர் மீதும் எனக்குப் பொறாமை இல்லை. அந்த அங்கீகாரத்தின் கதியை எட்டாவது பத்தியில் சொல்கிறேன்.

6. இனிச் சொல்வதுதான் இம்மனுவின் உயிர். 14.9.1994 அன்று முற்பகல் திரு. வார்ட் ஆம்ப்ரோஸ், அப்போது துணை ஷெரிஃப், தனியாக நடந்தே எங்கள் மேட்டுக்கு வந்தார். அது ஹெலிகாப்டர் பருவம். மேலிருந்து பார்ப்பவர் கண்ணில் படாமலிருக்க, வாளியில் வளர்த்த செடிகளைக் கப்பி கட்டி மரத்தின் நடுக்கிளைகளுக்கு ஏற்றிவிடுவோம். கயிற்றுக்குப் பச்சைச் சாயம் ஏற்றுவது வழக்கம். அந்த ஆண்டு சாயம் தீர்ந்துபோனதால், இரண்டு மரத்துக்கு மட்டும் என் கணவர் கடையில் வாங்கிய நீலக் கயிற்றையே கட்டிவிட்டார். திரு. ஆம்ப்ரோஸ் நேராக வந்து அந்த நீலக் கயிற்றின் அருகே நின்றார். தொட்டுப் பார்த்தார். கயிறு போகும் வழியே தலையை உயர்த்தத் தொடங்கியவர், பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். எனக்குப் பிரசவத்துக்கு மூன்று வாரம் இருந்தது. அந்நாளில் இப்படி வழக்கானால் பிறக்கும் பிள்ளையை அரசு எடுத்துக்கொண்டு போய்விடும். எங்கள் மலையிலேயே இரண்டு வீட்டில் அப்படி நடந்திருந்தது. அவர் பிடரியில் கையை வைத்துக்கொண்டு, “ரெண்டு நாளா கழுத்துப் பிடிச்சிருக்கும்மா. மேல பாக்கவே முடியல” என்றார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். போகும்போது என் கணவரிடம், “நீலம் ரொம்ப எடுப்பாத் தெரியுதுப்பா, வேற கலர் பாரு” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அக்டோபர் ஆறாம் தேதி ஃபெர்ன் பிறந்தாள். அவளை யாரும் எடுத்துப் போகவில்லை.

அதற்குப் பிறகு இருபத்தொன்பது ஆண்டுகளில் அவரும் நாங்களும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் அவர் தொப்பியைத் தொடுவார், நான் தலையசைப்பேன்.

7. என் விண்ணப்பத்தை ஐந்து ஆண்டுகள் வைத்திருந்த திட்ட அலுவலகம், கடைசியில் பழைய கோப்புகளைத் தேடி என் நிலத்தைப் பற்றி ஒரே ஓர் அரசு ஆவணத்தைக் கண்டெடுத்தது. அது 14.9.1994 அன்றே திரு. ஆம்ப்ரோஸ் எழுதிக் கொடுத்த கள அறிக்கை. “மேற்படி நிலம் முழுவதும் நடந்து பார்வையிடப்பட்டது. சட்டவிரோதப் பயிர் எதுவும் இல்லை.” இப்படி ஆவணம் இருக்கும்போது உங்களை எப்படி முன்னோடி என்பது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

எனவே ஆல்டர்ஃபோர்டு முதியோர் இல்லத்தில் இருக்கும் திரு. ஆம்ப்ரோஸைப் போய்ப் பார்த்தேன். அவருக்கு இப்போது வயது எழுபத்தெட்டு, கால்தான் வரவில்லை, நினைவு தெளிவாக இருக்கிறது. நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பேனா கேட்டார். “என் சர்வீஸ்ல நான் எழுதின பொய் ரிப்போர்ட் அது ஒண்ணுதான். எனக்கு ஞாபகம் இருக்கிற ரிப்போர்ட்டும் அது ஒண்ணுதான். இந்த வயசுல என்னைய என்ன பண்ணிடப் போறாங்க, எழுதித் தர்றேன்” என்றார். வண்டியிலிருந்து இறங்க மறுத்த என் கணவர் முன்பே எச்சரித்திருந்தார்: “அந்த மனுசன் நமக்குச் செஞ்சது போதும் நோரீன். அவர வம்புல இழுத்து விடாத.” நான் கேட்கவில்லை. மரத்தின் மேல் செடி இருந்ததும், தாம் கண்டுகொண்டதும், அறிக்கையில் வேண்டுமென்றே பொய் எழுதியதும் அவர் கைப்பட எழுதிய அக்கடிதத்தை 11.7.2023 அன்று நானே திட்ட அலுவலகத்தில் சேர்த்தேன்.

அக்கடிதத்துக்கு இரண்டு பதில்கள் வந்தன.

28.8.2023 தேதியிட்ட முதல் பதில் எனக்கு. “அரசு ஆவணத்துக்கு எதிராகத் தனிநபர் கடிதம் சான்றாக ஏற்கப்படாது.” என் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. விண்ணப்பம் நிலுவையில் இருந்தவரை பயிரிடத் தந்திருந்த தற்காலிக அனுமதி 15.10.2023 அன்றோடு முடிவதால் அதற்குள் செடிகளை நானே அகற்ற வேண்டும், தவறினால் அலுவலகம் அகற்றும்.

12.9.2023 தேதியிட்ட இரண்டாவது பதில் திரு. ஆம்ப்ரோஸுக்கு. திட்ட அலுவலகம் அனுப்பிய அதே கடிதத்தின் நகலை வைத்துக்கொண்டு ஷெரிஃப் அலுவலகம் எழுதியது: “தாங்களே கைப்பட ஒப்புக்கொண்டபடி” பொய் அறிக்கை அளித்த குற்றத்துக்காகத் தங்கள் பெயர் ஓய்வு பெற்ற அலுவலர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது, விசாரணை முடியும்வரை ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்படுகிறது. இரண்டு இளைஞர்கள் வந்து அவர் அறைச் சுவரில் மாட்டியிருந்த பேட்ஜைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மாதக் கட்டணம் நின்றதால் இம்மாத இறுதிக்குள் அறையைக் காலி செய்யுமாறு இல்லத்தினர் சொல்லிவிட்டார்கள். நெவாடாவில் மகன் வீட்டுக் கார் நிறுத்தும் அறையில்தான் இனி அவர் படுக்க வேண்டும்.

செய்தி கேட்டு ஓடினேன். சுவரில் மிச்சமிருந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். “விடும்மா, பேட்ஜத் துடைக்கிற வேல மிச்சம்” என்றார். என் மகளுக்கு என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார். நான் காரில் வந்து உட்கார்ந்து அழுதேன். என் கணவர் வண்டியைக் கிளப்பினார். ‘நான் அப்போதே சொன்னேன்’ என்று அவர் சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

8. அங்கீகாரம் கிடைத்தால் நான் கொடிகட்டிப் பறந்துவிடுவேன் என்று தாங்கள் எண்ண வேண்டாம். பள்ளத்தாக்கில் நூறு ஏக்கருக்குக் கண்ணாடிக் கூடாரம் போட்டவர்கள் வந்த பிறகு எங்கள் சரக்கைக் கேட்பாரில்லை. அங்கீகாரம் பெற்ற திரு. லாம்ப்ளி இந்த ஆண்டு நாற்றே நடவில்லை. தம் உரிமத்தைத் தெற்கே ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு இப்போது அதே கம்பெனியின் கிட்டங்கியில் பெட்டி ஒட்டுகிறார். “உள்ள இருந்தப்பகூட இவ்வளவு நேரம் நிக்க வைக்கல” என்கிறார். ஆக, நான் கேட்பது மூழ்குகிற கப்பலில் ஓர் இடம்தான். முப்பத்தைந்து ஆண்டுகள் செய்த வேலையைச் செய்தேன் என்று ஒரு தாளில் பார்த்துவிட்டு, அதன் பிறகு தோற்றால் தோற்றேன் என்றிருந்தேன்.

9. ஐயா, கடிதம் ஒன்று, எழுதிய கை ஒன்று, சேர்ந்த தேதி ஒன்று. அது உண்மையென்றால் 1994இல் என் நிலத்தில் செடி இருந்தது. எனக்கு அங்கீகாரம் தந்தாக வேண்டும். அது சான்றாகாது என்றால் திரு. ஆம்ப்ரோஸ் எந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் பெயரையும் ஓய்வூதியத்தையும் திருப்பித் தந்தாக வேண்டும். என்னிடம் வரும்போது வெற்றுத்தாள், அவரிடம் போகும்போது வாக்குமூலம் என்பது எந்த ஊர் நியாயம்? இதைத் திட்ட அலுவலகத்தில் கேட்டேன், “அது ஷெரிஃப் அலுவலகம்” என்றார்கள். ஷெரிஃப் அலுவலகத்தில் கேட்டேன், “அது திட்ட அலுவலகம்” என்றார்கள். இரண்டுக்கும் மேலே தாங்கள் ஒருவர்தான் என்பதால் தங்களுக்கு எழுதுகிறேன். எனக்கு நம்பிக்கை இருப்பதாகச் சொன்னால் அது பொய். வேறு கதவு இல்லை.

10. ஆகவே, இரண்டில் எதையேனும் ஒன்றை முடிவு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இல்லை, எனக்குச் சாதகமாக முடிவு செய்ய வேண்டாம். அப்படிச் செய்தால் அவர் பொய் எழுதியது நிரூபணமாகிவிடும் என்பது இந்தப் பத்தியை எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது. விண்ணப்பம், மறுக்கப்பட்டதே ஆனாலும், திரும்பப் பெறப்பட்டால் அதனோடு இணைத்த தாள்களும் இல்லாதவையாகக் கொள்ளப்படும் என்றும், திரும்பப் பெற்றவர் இனி எக்காலத்திலும் விண்ணப்பிக்க முடியாது என்றும் தங்கள் விதித்தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. எனவே, அவர் கடிதமும் இல்லாததாகட்டும் என்று, என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதிக் கையெழுத்திட்டு, தேதி போடாமல் இத்துடன் வைத்திருக்கிறேன். திரு. ஆம்ப்ரோஸின் பெயரைப் பட்டியலில் மீண்டும் சேர்க்கும் நாளில், அந்தத் தேதியைத் தாங்களே அதில் போட்டுக்கொள்ளலாம். செடி பிடுங்க ஆள் அனுப்ப வேண்டாம். நேற்றுக் காலை நானும் என் கணவரும் தொடங்கிவிட்டோம். பாதி முடிந்தது.

இவ்வளவையும் தானே எழுதி ஒப்பமிடும்,

(ஒப்பம்)
நோரீன் பெட்ரோச்சி

இடம்: கெட்டில் க்ரீக் மேடு
நாள்: 2.10.2023

இணைப்பு: விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் கடிதம், ஒன்று (தேதி இடாதது).