கிழங்கு கூப்பிடும் சத்தம்

அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

எனக்கு உடம்பு சரியில்லை என்று எழுதினால் நீ சந்தோஷப்படுவாய். ஆகையால் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. உன் மருமகள் இப்போதாவது சோற்றுக்கு உப்புப் போடுகிறாளா?

எட்டு வருஷமாக நான் உனக்கு எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. யார் முதலில் நிறுத்தியது என்ற பேச்சை இப்போது எடுக்க வேண்டாம். எடுத்தால் நீதான் என்று ஆகும்.

காட்டில் கிழங்கு தோண்டிப் பிழைத்த நம் சனத்தின் வாழ்க்கையை மாணவர்கள் தொட்டுப் பழகிப் படிக்கும் திட்டம் இன்னும் நடக்கிறது. புதன்கிழமை பத்து மணிக்குப் பேருந்து வரும். காட்டுக்குள் போக நமக்கு அனுமதி கிடையாது. காட்டு வாசலில் வேலி போட்ட ஒரு துண்டு நிலம்தான் காடு. செவ்வாய் சாயங்காலம் காவலாளி சந்தையில் கிழங்கு வாங்கி வந்து அதில் புதைப்பான். மறுநாள் பிள்ளைகள் தோண்டிக் கண்டுபிடிப்பார்கள். போன மாதம் ஒரு கிழங்கில் கடைக்காரன் ஒட்டிய சீட்டு இருந்தது. ஆசிரியர் பார்க்கும் முன் அந்தச் சீட்டை வாயில் போட்டு மென்றுவிட்டேன்.

நான் செய்த காரியத்தை இப்போது சொல்கிறேன். முதல் வருஷம் வந்த ஆசிரியை நோட்டைப் பிரித்துக்கொண்டு, தோண்டுவதற்கு முன் என்ன சடங்கு செய்வீர்கள் என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். "ஏதாவது இருக்கும் ஐயா, யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள். மூன்று தடவை கேட்டாள். எனக்கு எரிச்சல் வந்தது. மண்ணில் காதை வைத்துப் படுத்து, "கிழங்கு கூப்பிடும், கேட்டுட்டுத் தோண்டுவோம்" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கண் கலங்கிவிட்டது. எழுதிக்கொண்டாள்.

அது பாடப் பயிற்சி நூலில் அச்சாகிவிட்டது. நான் படுத்திருக்கும் படம் வாசல் பலகையில் இருக்கிறது. வாரம் முப்பது பிள்ளைகள் என்னைப் போலவே மண்ணில் காதை வைக்கிறார்கள். "எனக்குக் கேட்டுச்சு சார்" என்று ஒருத்தன் கட்டாயம் சொல்வான். நான் தலையாட்ட வேண்டும். என்னைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டும்.

இதோடு போயிருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். பேத்தி ஆறாம் வகுப்பு. பரீட்சையில், தோண்டுவதற்கு முன் நம் சனம் என்ன செய்யும் என்று கேட்டிருக்கிறார்கள். கொடி காய்ந்து இலை மஞ்சளாகிவிட்டதா என்று பார்த்துத் தோண்டுவார்கள் என்று எழுதியிருக்கிறாள். விடுமுறையில் உன்னிடம் வந்தபோது கற்றது. வேறு யார் சொல்லியிருப்பார்கள்? ஆசிரியர் சிவப்பு மையில் அடித்து, உன் சமூகத்தைப் பற்றி உனக்கே தெரியவில்லையே என்று எழுதிவிட்டார். தாளைக் கொண்டுவந்து, "யாரு சொல்றது சரி தாத்தா?" என்று கேட்டாள்.

என் மகள் அடுப்படியில் நின்று என்னையே பார்த்தாள். திட்டத்தின் பொறுப்பாளர் அவள்தான். அவள் சம்பளத்தில்தான் சோறு. ஆசிரியர் சொன்னதுதான் சரி என்றேன். பேத்தி தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். பதினொரு நாளாகிறது, என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. என் தட்டை மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். நம் ரத்தம் அல்லவா, பிடிவாதம் இருக்கும்.

வருகிற புதன்கிழமை அவள் வகுப்புதான் வருகிறது. அவள் என் பக்கத்தில் படுத்துக் காதை வைக்க வேண்டும். நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றதற்கு மகள், "இவ்வளவு நாள் பொய்யா சொன்னீங்கன்னு கேட்டா என்னப்பா சொல்வேன்? முதல்ல என் வேலைதான் போகும். இந்த ஒரு தடவை படுத்து எந்திரிச்சிடுங்க" என்று அழுதாள். மகளுக்காகப் படுத்தால் பேத்தி என் கையை விட்டுப் போய்விடுவாள். பேத்திக்காக எழுந்தால் மகளுக்கு வேலை இல்லை. வேலி அந்தத் துண்டு நிலத்துக்கு மட்டும் போட்டது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

வெளியாள் நுழையக் கூடாது என்று காட்டோரம் வைத்த பலகைகளைப் பார்த்தே எழுத்துக் கற்றவன் நான். அந்தப் பயிற்சி நூலையும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். என் பெயரில் போட்டிருப்பதில் பாதி எனக்கே தெரியாத சங்கதி.

இந்தத் திட்டத்தின் ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போட்ட அன்று நீ, "கதவைத் திறந்துவிட்டா நம்மளப் பத்தி நமக்கே பாடம் எடுப்பாங்கடா" என்றாய். என்னைத் தேர்ந்தெடுத்ததில் உனக்குப் பொறாமை என்று நான் சொன்னேன். அதை இன்றும் திரும்பப் பெறவில்லை. என்னைவிட உனக்கு நிறையத் தெரியும். பொறாமை வராமல் இருக்குமா?

புதன்கிழமை ஒன்பது மணிக்குள் வந்துவிடு. பேசவெல்லாம் வேண்டாம். வேலிக்கு வெளியே நின்றால் போதும். நான் மண்ணில் படுத்ததும் சின்ன வயதில் போடுவாயே, அதே மாதிரி "எந்திரிடா" என்று ஓர் அதட்டல் போடு. நானாக எழுந்திருக்க எனக்குத் தைரியம் வரவில்லை அக்கா. எழுந்த பிறகு மற்றதை நான் சொல்லிக்கொள்கிறேன்.

வழியில் வெயில் அதிகம். தலையில் துணி போட்டுக்கொண்டு வா.

உன் தம்பி