பட்டிப்பொங்கலும் பெட்டைக் குதிரையும்

நெடுந்தீவு, 10.9.1983

இன்றும் மழை இல்லை. விடிந்ததும் விடியாததுமாக என் வீட்டுக்காரர் தண்ணீர் அள்ளத் தொடங்கிவிட்டார். எல்லாம் படலைக் கதவுக்கு வெளியே உள்ள தொட்டிக்கு, தீவில் மந்தையாகத் திரியும் காட்டுக் குதிரைகளுக்கு. ஆடிக் கலவரத்தில் தெற்கிலே இவரது கடையைக் காடையர் எரித்த பிறகு அகதிக் கப்பலில் வந்து இறங்கியவர். இன்றுவரை ஒரு சொல் பேசவில்லை. ஆட்களைக் கண்டால் அறைக்குள் போய்விடுவார். கிணற்றடி வாழை காய்கிறது, அது கண்ணில் படாது. குதிரை மட்டும் படும்.

2.10.1983

மதிலோரம் ஒளித்து நின்று பார்த்தேன். தொட்டியில் அந்தச் செம்பட்டைப் பெட்டைக் குதிரை குடிக்கிறது, இவர் அதனோடு மெல்லக் கதைக்கிறார்! கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. என்னோடு கதைக்க ஏலாது, குதிரையோடு ஏலும். சரி, எங்கேயாவது கதைக்கட்டும்.

28.12.1983

பெட்டைக் குதிரை குட்டி போட்டிருக்கிறது. இவர் வாசலில் வந்து நின்று "குட்டி" என்றார். ஒரேயொரு சொல். குசினிக்குள், அடுப்படியில் போய் அழுதேன்.

1984 தை, பட்டிப்பொங்கல்

இறுப்பிட்டியிலிருந்து தங்கச்சி பரிமளம் கடல் தாண்டி லோஞ்சுப் படகில் வந்தாள். அவளது அயலட்டைச் சனமும் கூட வந்தது, குதிரை பார்க்க. ஒருத்தர் கையிலும் தண்ணீர் இல்லை. வெயிலில் மயங்கிய ஒரு சிறுமியை மோர் கொடுத்து எழுப்பினேன். குட்டியைத் துரத்தி விளையாடினார்கள், பொலித்தீன் பைகளை வெளியெங்கும் எறிந்தார்கள். இவர் அறைக்குள்.

பரிமளம் ஒரு பெரிய சட்டி நிறையப் பொங்கலோடு தொட்டியடிக்குப் போனாள். "மாட்டுக்கு மட்டுமே அக்கா பட்டிப்பொங்கல்? அத்தான்ர உயிரே இந்தக் குதிரையில எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அத்தான் பழையபடி கதைக்கவேணும் எண்டு அம்மாளாச்சிக்கு நேர்ந்து வந்தனான்."

பொட்டு வைக்க அது விடவில்லை. பொங்கலை வாழையிலையில் கொட்டிவிட்டுத் தள்ளி நின்றாள். சர்க்கரை வாசத்துக்கு வந்து முழுவதையும் தின்றது. மாட்டுக்குக் கொடுப்பதுதானே என்று நானும் சந்தோசமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னேர லோஞ்சில் பரிமளம் போய்விட்டாள்.

மறுநாள்

விழுந்து உருள்கிறது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்க்கிறது. மிருக வைத்தியர் ஊர்காவற்றுறையில். காத்தெண்டு லோஞ்சும் ஓடேல்லை. அதன்ர தலையை மடியில வைச்சுக்கொண்டு இவர் — கடவுளே, நான் என்ன செய்ய?

அதற்கடுத்த நாள்

செத்துப்போச்சு.

வைத்தியர் பிந்தித்தான் வந்தார். "மாடு அசைபோட்டுச் சமாளிக்கும், அம்மா. குதிரைக்குச் சத்தியெடுத்து வெளியில தள்ளவே ஏலாது. சோறு உள்ளுக்கு ஊதினால் அவ்வளவுதான்."

"ஆர் குடுத்தது?" என்று இவர் கேட்டார். சொன்னேன். ஏன் கொடுத்தாள் என்பதையும் சொன்னேன்.

4.2.1984

குட்டியும் போய்விட்டது. பசுப்பாலை எவ்வளவோ பருக்கிப் பார்த்தோம்.

11.3.1984

லோஞ்சால் இறங்கிய சனத்தை இவர் மறித்து நிற்கிறார் என்றார்கள். நம்பாமல் இறங்குதுறைக்கு ஓடினேன். உண்மைதான். தொண்டை கிழியக் கத்துகிறார்: "தண்ணி கொண்டு வந்தனீங்களோ? குதிரைக்குக் கிட்டப் போகாதேங்கோ! துரத்தாதேங்கோ! ஒரு வாய் சோறும் குடுக்காதேங்கோ!" விசரன் என்று சிலர் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. வீட்டுக்கு வந்து தேத்தண்ணி கேட்டார். வாயால் கேட்டார்.

1984 ஆனி

நயினாதீவுத் திருவிழா முடிந்து பரிமளம் வந்தாள். நடந்ததை அவளுக்கு எழுதவில்லை; நேரில் ஏசவென்று மாதக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தேன். படலையில் நுழையும்போதே இவர், "வா பிள்ளை, இந்த வெயிலுக்க வந்தனியே?" என்றார்.

அவள் அந்த இடத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். "அம்மாளாச்சி கண் திறந்திட்டா அக்கா! நான் வைச்ச பொங்கல் வீண்போகேல்லை."

நான் வாயைத் திறந்தேன். இவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"ஓம் பிள்ளை. வீண்போகேல்லை."

"குதிரை எங்கை அத்தான்? இண்டைக்கும் பொங்கி வைக்கப்போறன்."

"அது மந்தையோட தெற்காலை போயிட்டுது. இனிப் பொங்கல் வேண்டாம். கோடையெல்லே, தொட்டிக்குத் தண்ணி அள்ளி ஊத்து, அது மட்டும் காணும்."

தேவாரம் பாடிப் பாடி அள்ளினாள். இவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே கேட்ட அழுகைச் சத்தம் அவள் காதில் விழுந்துவிடக் கூடாதென்று, நானும் சேர்ந்து உரத்துப் பாடினேன்.