சாம்பலா, நீலமா

நந்திதுர்க்,
ஜூலை 12.

அன்புள்ள ஷோபாவுக்கு,

நான் சுகம். ஆக்லாந்துக் குளிரில் நீயும் டீனாவும் மருமகனும் பாப்பாவும் சுகமாயிருக்க தினமும் ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் டீனா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள். எல்லோரும் கேட்கிறீர்கள். உன்னிடம் மட்டும் பேச முடிவதில்லை.

இங்கே காற்றுக்காலம். மூடிய தங்கச் சுரங்கத்தின் சயனைடு மேட்டுத் தூசி ஜன்னலைச் சாத்தினாலும் சோற்றில் வந்து விழுகிறது. பிரஷர் மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன். ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு நேசமணி டீச்சர் குழம்பு கொடுத்தனுப்புகிறார். மற்ற நாட்களில் ஒரே ரசம்தான்.

நம் ஃபியட் விஷயம். மெக்கானிக் டேவிட்டின் ஷெட்டில் என்ஜின் வேலை முடிந்து, பாடிக்குப் பழைய பெயின்ட்டைச் சுரண்டினார்கள். நீலம் உரிந்து உரிந்து ஷெட் தரை முழுவதும் கிடந்தது. அதன் அடியில் கார்க் கம்பெனி போட்ட சாம்பல் நிறம் அப்படியே இருந்தது. மைன்ஸ் டாக்டரிடமிருந்து நாம் வாங்கியபோது இருந்த அதே நிறம். முதல் நாள் ஏறும்போதே, "இன்னாங்க இது, எலி கலரு" என்று முகத்தைச் சுளித்தாயே. டீனா பிறந்த வருஷம் ஆண்டர்சன்பேட்டை பெயின்ட் கடையில் நீதான் நீலத்தைக் காட்டினாய். கடலைத்தான் பார்த்ததில்லை, கலராவது இருக்கட்டும் என்றாய்.

காரை வாங்க டீனா பேசிவைத்திருக்கும் பெங்களூர்க்காரர் நேரில் வந்து பார்த்தார். கம்பெனி நிறத்திலேயே இருந்தால் உடனே எடுத்துக்கொள்வாராம். நீலம் அடித்தால் வேண்டாமாம். காரைக் கொடுத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு அங்கேயே வந்துவிடச் சொல்கிறாள் டீனா. நல்ல மனதோடுதான் சொல்கிறாள்.

எந்த நிறம் என்று போனில் உன்னைக் கேட்டேன். "உங்க இஷ்டங்க" என்றாய். கொஞ்சம் பொறுத்து, "இங்க கடலு பாதி நாளு சாம்பலாத்தான் இருக்குது" என்றாய். பின்னால் பாப்பா அழுதது, போனை வைத்துவிட்டாய். அதன் பிறகு வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். உனக்கு அங்கேயே இருந்துவிட மனம் வந்துவிட்டது, அதைத்தான் இப்படிச் சொல்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் போய் டேவிட்டிடம் சாம்பலே அடிக்கச் சொன்னேன். தூசி ஒட்டாமலிருக்க ஷெட்டைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டி, டிரைவர் பக்கம் முழுவதும் அடித்து முடித்தார்.

சனிக்கிழமை நேசமணி டீச்சர் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் என்னைப் பார்த்துவிட்டு ஷெட்டுக்குள் வந்தார். காரையே பார்த்துக்கொண்டிருந்தவர், "யாரு காருங்க இது? நம்ம காரு எங்க?" என்று கேட்டார். நான் ஓட்ட, டீனாவோடு தினமும் அதில் பள்ளிக்கூடத்துக்குப் போனவர் அவர். டாக்டர் காருங்க என்று வாயில் வந்துவிட்டது. அவர் போன பிறகு நானும் பார்த்தேன், ஷோபா. நாம் அதில் உட்கார்ந்ததே இல்லை போலிருந்தது.

டேவிட்டைக் கூப்பிட்டு நீலம் அடிக்கச் சொல்லிவிட்டேன். "இன்னா சார், வெளாடுறீங்களா? அடிச்சதெல்லாம் மறுபடி தேய்க்கணும்" என்று கத்தினார். பெங்களூர்க்காரர் சொன்னது அவருக்கும் தெரியும். எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன் என்றேன். தேய்க்கிற காகிதத்தைக் கையில் எடுத்தவர், அம்மா எப்போ வர்றாங்க என்று கேட்டார். சீக்கிரம் என்று சொல்லிவைத்தேன்.

பெங்களூர்க்காரருக்குப் போன் போட்டு, இல்லை என்று சொல்லிவிட்டேன். டீனாவுக்கு நீ பதமாகச் சொல். அப்பா பிடிவாதம் பிடிக்கிறார் என்று அவள் வருத்தப்படக்கூடாது. பாப்பாவின் முதல் பிறந்தநாள் போட்டோவை அனுப்பச் சொல். என் முத்தங்களைக் கொடு.

உன்னை அவசரப்படுத்தவில்லை. பாப்பா நடக்கட்டும், பள்ளிக்கூடம் போகட்டும். நீ வருகிற மாதத்தின் பெயரை மட்டும் உன் கையால் எழுதி அனுப்பு. எந்த வருஷத்து மாதமானாலும் சரி. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன்,
ஏனோக்