நிலவறைக் கதவைத் திறந்து வைத்தது யார்

அன்பு மகள் குன்னெய்க்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, மாடுகள், குதிரைகள் எல்லாரும் சுகம். அப்பாவின் வாய் மற்ற எல்லாரையும்விடச் சுகம். கடற்கரை ஊரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோடைக்கு வருவேன் என்று எழுதியிருந்தாய். வா, ஆனால் வீடு இப்போது இருக்கிற இடத்தில் இருக்காது. பயப்படாதே, வீடு இருக்கும், இடம்தான் வேறு. முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் போனில் கத்து.

வீட்டுக்குப் பின்னால் ஏரிக்கரையில் நின்ற ஊசியிலை லார்ச் மரங்களைப் போன வருஷம் உன் அப்பா வெட்டினார் இல்லையா, புல்வெளி பெரிதாகட்டும் என்று. நான் வேண்டாம் என்றதற்கு, "மரத்தை மாடு திங்குமாடி?" என்று கேட்டார். இந்தக் கோடையில் அங்கே வந்த புல்லை நீ பார்த்திருக்க வேண்டும். உன் அப்பா அரிவாளோடு உள்ளே போனால் தொப்பி மட்டும்தான் தெரிந்தது. அவர் உயரம் உனக்குத் தெரியும், இருந்தாலும் புல் புல்தான். உலர்புல் போர் ஒவ்வொன்றும் குன்று மாதிரி நின்றது. பக்கத்து வீட்டு பஹிலாயைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார். நானும் வாயைப் பிளந்து பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். மண் இவ்வளவு கொடுக்குமா என்று இருந்தது.

இலையுதிர் காலத்தில், எப்போதும் உறைந்தே கிடக்கிற மண்ணுக்குள் இருக்கிற நம் நிலவறை அழ ஆரம்பித்தது. சின்ன வயதில் ஐஸ்கட்டி எடுக்கப் போய்க் கதவை ஒரு நிமிஷம் சாத்தாமல் விட்டால் அப்பா எப்படிக் கத்துவார் என்று மறந்திருக்க மாட்டாய். "வெயிலுக்கு விருந்து வைக்கிறியா? கதவச் சாத்துடி!" என்பாரே. இப்போது கதவு சாத்தித்தான் இருக்கிறது, சுவரில் தண்ணீர் வழிகிறது. குடிதண்ணீருக்கு ஏரியில் வெட்டி வைத்திருந்த ஐஸ் கரைந்து, இறைச்சி இளகி, பாதி நாய்களுக்குப் போயிற்று. நான்தான் கதவைத் திறந்து போட்டேன் என்று மூன்று வேளையும் என்னோடு சண்டை. அதற்குள் வீட்டின் பின்மூலையும் இறங்கிவிட்டது, உருளைக்கிழங்கைக் கீழே வைத்தால் தானாக அடுப்படிக்கு நடந்து போகிறது. ஏரிக்கு மேலே மேட்டில் நிற்கிற லார்ச் மரங்களையும் வெட்டிப் புதுவீடு கட்டிவிடலாம் என்று அப்பா கோடாரியைத் தீட்டி வைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் மரம் வெட்டின இடத்தில் ஏரிக்கரை இடிந்து விழுந்தது. உள்ளே ஐஸ் சுவர், நம் வீட்டைவிட உயரம், வெயிலில் மின்னுகிறது. அதன் பக்கத்து மண்ணில் அடுக்கடுக்காகப் புல்லும் வேரும், நேற்றுப் பிடுங்கினது போல நார் நாராக. நம் மகாஸ் மாடு நேரே போய் ஒரு வாய் இழுத்து மென்றது. பஹிலாயின் மனைவி துயாரா, பள்ளிக்கூட டீச்சர்தானே, அவள் வந்து பார்த்துவிட்டு, "மார்ஹா அக்கா, அது ஆயிரமாயிரம் வருஷத்துக்கு முந்தி மம்மத் யானை மேஞ்ச காலத்துப் புல்லு. ஒங்க மாடு யானைக்கு வச்ச சாப்பாட்டத் தின்னுடுச்சு!" என்று சிரித்தாள். சிரித்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தனை காலம் ஒரு புல்கூட அழுகாமல் நம் காலுக்குக் கீழே இருந்திருக்கிறது, நாம் அதன்மேல் கல்யாணமும் சண்டையும் போட்டுக்கொண்டிருந்தோம். அன்று மகாஸின் பாலைக் குடிப்பதற்கு முன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ருசி எப்போதும் போலத்தான்.

போன மாதம் குடிதண்ணீருக்கு ஐஸ் வெட்ட எல்லாரும் ஏரிக்குப் போனோம். இடிந்த கரைப் பக்கம் ஐஸுக்குள் வெள்ளை வெள்ளையாகக் குமிழிகள். பஹிலாய் கடப்பாரையால் ஒன்றைக் குத்திவிட்டு அங்கேயே குனிந்து சிகரெட் பற்ற வைத்தான். ஐயோ மகளே, ஏரிக்குள்ளிருந்து தீ ஆள் உயரத்துக்கு எழும்பியது! அவனுக்குப் புருவம் போயிற்று, முகம் வேகவைத்த முட்டை மாதிரி ஆகிவிட்டது, மற்றபடி நலம். யாரும் சிரிக்கவில்லை. விறகு இல்லை, கரி இல்லை, பனிக்கட்டி மேல் நீலமாக நின்று எரிகிறது. உன் அப்பா தொப்பியைக் கழற்றினார். சோற்றுப் பையிலிருந்து வெண்ணெய் தடவின அப்பத்தைப் பிய்த்து அந்தத் தீக்குப் போட்டு, "பெரியவரே, இத்தனை காலமா எங்க படுத்திருந்தீங்க?" என்று மெல்லக் கேட்டார். அடுப்புத் தீக்கு ஊட்டுவது வழக்கம்தான். தண்ணீரில் முளைத்த தீக்கு நம் ஊரில் அன்றுதான் ஊட்டியிருக்கிறார்கள்.

துயாராதான் பதில் சொன்னாள். புல்லும் மரமும் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதை இந்த உறைந்த மண் பூட்டி வைத்திருந்ததாம், இப்போது மண் இளகி, பழைய புல் ஏரிக்கடியில் அழுகி, அந்த மூச்சுத்தான் எரிகிறதாம். புதுப்புல் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது, இளகின மண் அதைவிட ரொம்ப விட்டுவிடுகிறது என்றாள். அப்படியானால் எங்கள் குன்று போன்ற போர்கள்? அப்பா அவள் முகத்தையே பார்த்தார். "அப்ப இந்தப் பூமியே ஒரு நிலவறையா?" என்றார். ஆமாம் மாமா, மேலே இருக்கிற மரநிழலும் பாசியும்தான் அதற்குக் கதவு என்றாள். நான் விடுவேனா, "ஏங்க, அப்ப கதவத் திறந்து வச்சது யாருங்க?" என்று கேட்டேன். இத்தனை வருஷக் குடித்தனத்தில் உன் அப்பாவுக்கு வாய் அடைத்ததை முதன்முதலாகப் பார்த்தேன். அந்தத் தீயைவிட அது அதிசயம்.

மறுநாள் மேட்டுக்குக் கோடாரி இல்லாமல் கடப்பாரையும் மண்வெட்டியுமாகப் போனார். ஒரு மரத்தையும் தொடவில்லை. மரங்களுக்கு நடுவே ஏற்கெனவே இருந்த வெட்டவெளியில் பாசியைப் பாயாகச் சுருட்டி வைத்துவிட்டுத் தோண்டினார். ஆள் ஆழத்தில் கை வைத்துப் பார்த்தேன், கோடையிலும் இளகாத மண் கல்லாக இருந்தது, விரல் ஒட்டிக்கொண்டது. சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. பழைய வீட்டையே கட்டை கட்டையாகப் பிரித்து, கரியால் அடையாளம் போட்டு, பனி இருக்கும்போதே சறுக்குவண்டியில் மேலே கொண்டுபோகப் போகிறோம். நிலவறை முதலில் தயாராகிவிட்டது. அப்பா அதன் கதவை மாட்டி, சாத்தி, இழுத்துப் பார்த்து, மறுபடி சாத்தினார். பிறகு சுற்றி நின்ற மரங்களை அண்ணாந்து பார்த்து, அவற்றிடம் ஏதோ சொன்னார். என்ன என்று கேட்டதற்கு, "ஒனக்கில்ல" என்றுவிட்டார்.

நன்றாகச் சாப்பிடு, வழுக்குகிற இடத்தில் நடக்காதே. நீயும் பிள்ளையும் மாப்பிள்ளையும் நெருப்பும் நிலமும் காக்க நீண்ட காலம் நன்றாக இருங்கள். உன் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவைச் சாத்தி வைக்கிறாயா என்று அப்பா கேட்கச் சொன்னார். இந்த முறை அவர் கத்தவில்லை, கெஞ்சினார்.

உன் அம்மா,
மார்ஹா
(அடுத்த கடிதம் மேட்டிலிருந்து, லார்ச் நிழலில்)