இரண்டாகாத முட்டை

மார்ச் 12, 2004, வெள்ளி

மூன்று வாரமாக இதே கதை. கடல் முள்ளெலியின் கருவுற்ற முட்டைக்குள் கால்சியம் உயர்ந்தால்தான் அது இரண்டாகப் பிரியும். அதை நிரூபிக்க ஒரு தட்டில் கால்சியத்தைக் கட்டிப்போடும் மருந்து விட்டேன். இன்னொன்றில் வெறும் கடல்நீர். அதிலாவது முட்டைகள் பிரிந்திருக்க வேண்டும். இன்றும் பிரியவில்லை. திங்களன்று பேராசிரியருக்கு என்ன சொல்வது?

மீன்பிடிக்கப் படகில் போகும் என் அப்பா, நைனாதான் ஆய்வுக்குக் கேனில் கடல்நீர் பிடித்துவருவார். வீட்டுக்கு வந்து விசாரித்தேன்.

"தண்ணி கலீஜா கீதேன்னு லாரித் தண்ணி அரைக் கொடம் கலந்து குட்த்தேம்மா."

நாங்கள் குடிக்கப் பிடித்துவைத்த நல்ல தண்ணீர். உப்புக் குறைந்த நீரில் முட்டை எப்படிப் பிரியும்? கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

"இன்னா, முட்டை ரெண்டாச்சா?"

"ஆச்சு நைனா."

"அப்போ நாளைக்கும் அதே மாரி கலந்து தரேன்."

தலையாட்டிவிட்டு வந்து படுத்திருக்கிறேன்.